ஹை லைன்: வழித்தெடுத்து நட்ட காடு

நியூயார்க்கின் ஹை லைன் பூங்காவைப் பற்றி எழுதுறவங்க பெரும்பாலும் கைவிடப்பட்ட மேம்பால ரயில்பாதையில் தானா முளைச்ச புல்லில் ஆரம்பித்து, நேரே 2009 ஜூன் திறப்புக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் நடந்ததுதான் விஷயமே.

கடைசி ரயில் 1980-ல். பாதையை இடிக்க விடாமல் காக்க 1999-ல் ஒரு அமைப்பு. 2004-ல் ஜேம்ஸ் கார்னரின் குழு தேர்வானது, 2006-ல் வேலை தொடங்கியது. முதல்ல என்ன செஞ்சாங்க தெரியுமா? ஜோயல் ஸ்டெர்ன்ஃபெல்டின் புகைப்படங்களில் ஊரே மயங்கிய அந்தப் புல், புதர், மண், ஜல்லி அத்தனையையும் வழித்து எடுத்தார்கள். தண்டவாளங்களை அடையாளமிட்டுக் கழற்றி, கான்கிரீட்டைச் செப்பனிட்டு, கசிவு தடுத்து, வடிகால் போட்டு, பிறகு பல தண்டவாளங்களைப் பழைய இடத்திலேயே பொருத்தினார்கள். அதன்மேல் பீட் அவுடோல்ஃப் தேர்ந்தெடுத்த நர்சரிச் செடிகள்.

இதை ஏமாற்று வேலைன்னு சொல்ல மாட்டேன். ஈயப் பெயின்டும் பழுதான கான்கிரீட்டுமா இருந்த இடத்தில் ஜனங்களை நடக்க விட முடியாது. ஆனா 'இயற்கை தானே திரும்பி வந்தது' என்று இன்னும் எழுதுவது தப்பு. அந்தக் காட்டுத்தனம் வரைபடத்தில் போட்டது. காய்ந்த தண்டுகளைக் குளிர்காலம் முழுக்க விட்டுவைத்து, ஒவ்வொரு வசந்தத்தின் தொடக்கத்திலும் தோட்டக்காரர்களும் தன்னார்வலர்களும் கையால் வெட்டி எடுக்கிறார்கள். திறப்பு விழாவோடு கதையை முடிக்கிற கட்டுரைகளில் அந்த வெட்டுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.