நூல் வராத இரவும் நிற்காத ரயிலும்

ஃபார்ம் போன ஆட்டக்காரரை அவருடைய உடம்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நேற்று வரை தானாக நகர்ந்த காலை இன்று யோசித்து நகர்த்துவார். யோசிக்கிற அந்த அரை நொடியில் பந்து அவரைத் தாண்டியிருக்கும். சாம் ரெய்மி இயக்கி 2004-ல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’ எனக்கு எப்போதும் மைதானத்தையே நினைவுபடுத்துகிறது. வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே பாய்ந்து போகிற ஸ்பைடர்மேன், அதாவது பீட்டர் பார்க்கர், மணிக்கட்டை மடக்குகிறான், சிலந்தி நூல் வரவில்லை. மொட்டை மாடியில் வந்து விழுகிறான். எழுந்து, அதே சிவப்பும் நீலமுமான உடையோடு லிஃப்டில் இறங்குகிறான். பக்கத்தில் ஒரு முன்பின் தெரியாத ஆள். கேமரா அசையாமல் நிற்கிறது. பறக்கத் தெரிந்தவன் மாடி மாடியாக இறங்கும் அந்த நீண்ட மௌனத்தில், பீட்டராக வரும் டாபி மாகுயரின் தோள்கள் மட்டும் நடிக்கின்றன. முகம் முழுக்க முகமூடிக்குள் இருந்தும் கூச்சம் தெரிகிறது.

சூப்பர் ஹீரோ படத்தின் இரண்டாம் பாகத்தில் எல்லாமே இரட்டிப்பாக வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் எதிர்பார்ப்பார்கள். சண்டை கூட வேண்டும், காதல் கூட வேண்டும், வில்லன் போதாதென்றால் இன்னொரு வில்லன் வேண்டும். பெரும்பாலான படங்கள் இவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் பரிமாறுகின்றன. சண்டை முடிந்தால் காதல், காதல் முடிந்தால் சண்டை. ரெய்மியும் திரைக்கதை எழுதிய ஆல்வின் சார்ஜென்டும் மூன்றையும் ஒரே கயிறாகத் திரித்தார்கள். அந்தக் கயிற்றின் முடிச்சு ஒரு சாப்பாட்டு மேசையில் விழுகிறது.

விஞ்ஞானி ஆட்டோ ஆக்டேவியஸ் தன் வீட்டில் மாணவன் பீட்டருக்கு விருந்து வைக்கிறார், மனைவி ரோஸி கூடவே இருக்கிறார். பேச்சு அணு இணைவிலிருந்து காதலுக்குத் திரும்புகிறது. காதலைச் சொல்லாமல் உள்ளே பூட்டி வைத்தால் அது ஆளையே நோயாளியாக்கிவிடும் என்கிறார் ஆக்டேவியஸ். பீட்டரின் நோய் அதுதான். அவன் காதலிக்கிற மேரி ஜேன் நடிக்கும் நாடகத்துக்குத் தாமதமாக வந்து வாசலிலேயே தடுக்கப்பட்ட இரவில் அவன் நூல் அறுகிறது. அவள் வேறொருவரை மணக்கப்போகிறாள் என்ற அறிவிப்பைக் கேட்ட இரவில் மறுபடியும். நோயைச் சரியாகக் கண்டுபிடித்த அதே மனிதர், அடுத்த சில காட்சிகளில் தன் பரிசோதனையில் மனைவியைப் பறிகொடுத்து, நான்கு இரும்புக் கைகளோடு நகரத்துக்கு எதிரியாகிறார். காதலைப் பற்றிப் பாடம் சொன்னவரே வில்லன். ஆகவே இவர்கள் மோதும் ஒவ்வொரு சண்டையிலும் அந்த மேசைப் பேச்சும் கூடவே நிற்கிறது.

ஆக்டேவியஸாக வரும் ஆல்ஃப்ரெட் மொலினாவின் ஆட்டத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். 2002-ல் வந்த முதல் பாகத்தின் வில்லன் வில்லெம் டஃபோ எவ்வளவு பெரிய நடிகர்! ஆனால் சண்டைக் காட்சிகளில் அவர் முகம் அசையாத பச்சை முகமூடிக்குள் மாட்டிக்கொண்டது. இந்த முறை வில்லனின் முகம் திறந்தே கிடக்கிறது. அந்த நான்கு கைகளும் கணினியில் மட்டும் பிறந்தவை அல்ல. பல காட்சிகளில் ஒவ்வொரு கையையும் நான்கு பேர் பொம்மலாட்டக்காரர்களைப் போல இயக்கினார்கள், மொலினாவோடு ஒத்திகை பார்த்து. அவர் அவற்றுக்குச் செல்லப் பெயர்கூட வைத்திருந்தார். கைகள் காதருகே வந்து கிசுகிசுக்கும்போது அவர் தலையைச் சாய்த்துக் கேட்கிற விதத்தைப் பாருங்கள். பொருளோடு பேசுகிற நடிகரின் செயற்கை அதில் இல்லை. மருத்துவமனை அறுவை அறையில் அந்தக் கைகள் விழித்தெழும் காட்சி ரெய்மியின் பழைய திகில் பட நாட்களிலிருந்து நேராக வந்தது. இசை ஒதுங்கிக்கொள்கிறது, அலறலும் இரும்புச் சத்தமும் மட்டும். கடைசியில் கண் விழிக்கும் ஆக்டேவியஸ், தன் கைகள் செய்ததைப் பார்த்துக் கதறுகிறார். அந்த ஒரு கதறல்தான் அவரைப் பிற்பாடு மீட்கிறது.

இனி உயரத் தண்டவாளத்தில் நடக்கும் ரயில் சண்டை. சண்டை அமைப்பைக் கற்க விரும்புகிறவர்கள் இதை வெட்டு வெட்டாக நிறுத்திப் பார்க்க வேண்டும். (மன்ஹாட்டன் நடுவே அப்படி உயரத்தில் ஓடுகிற ரயில் கிடையாது, அந்தத் தண்டவாளத்துக்காக சிகாகோ போனார்கள்.) மணிக்கூண்டில் செங்குத்தாகத் தொடங்கும் மோதல் ரயில் கூரையில் விழுந்து கிடைமட்டமாகிறது. ஆக்டேவியஸ் ஆட்டத்தைப் புரிந்துகொண்டவர். எதிராளியை நேராக அடித்து வீழ்த்த முடியாது என்று தெரிந்ததும், பெட்டிக்குள் கைவிட்டுப் பயணிகளை வெளியே வீசுகிறார். பீட்டர் அடிப்பதை விட்டுவிட்டுப் பிடிக்க ஓடுகிறான். அவன் பலம் எங்கே செலவாக வேண்டும் என்பதை எதிரிதான் முடிவு செய்கிறார். கடைசியில் ரயிலின் கட்டுப்பாட்டையே உடைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

அதற்குப் பிறகு அங்கே வில்லன் இல்லை. ஒரு பையனும் ரயிலின் எடையும் மட்டும். முதலில் காலை ஊன்றிப் பார்க்கிறான், தண்டவாளக் கட்டைகள் ஒவ்வொன்றாக நொறுங்குகின்றன. பிறகு இரு பக்கக் கட்டடங்களிலும் நூலை எறிந்து மார்பைக் கொடுக்கிறான். முகமூடி போய்விட்டது, வாய் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, அழகாகத் தெரியவேண்டும் என்ற எண்ணமே இல்லாத முகம். மாகுயரின் மொத்த நடிப்பு வாழ்க்கையில் எனக்குப் பிடித்த நிமிடங்கள் இவை. ரயில் நின்றதும் மயங்கிச் சரிகிறான். உள்ளேயிருந்து கைகள் நீண்டு அவனைப் பிடிக்கின்றன, தலைக்கு மேலே ஏந்திப் பெட்டிக்குள் கொண்டுபோகின்றன. யாரோ ஒருவர் இவன் தன் மகனைவிடப் பெரியவனாக இருக்கமாட்டான் என்கிறார். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆக்டேவியஸ் திரும்பி வரும்போது அந்தச் சாதாரண மனிதர்கள் குறுக்கே நிற்கிறார்கள். ஒரு நொடிகூடத் தாங்க முடியாது என்று தெரிந்தும்.

குறையும் உண்டு, அது மேரி ஜேன் பக்கம். கிர்ஸ்டன் டன்ஸ்ட் முதல் பாதியில் நன்றாக ஆடுகிறார். காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போன பெண்ணின் கோபத்தைக் குரல் உயர்த்தாமலே காட்டுகிறார். உணவகத்தில் அவள் முத்தம் கேட்கிறாள், அவன் சாய்கிறான், கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு கார் பறந்து வருகிறது. காதலும் சண்டையும் ஒரே சட்டகத்துக்குள்! ஆனால் அதன்பின் கடத்தப்பட்டு, கட்டப்பட்டு, வீறிடுவதுதான் அவருக்கு மிஞ்சிய வேலை. ஆக்டேவியஸுக்குக் கொடுத்த அக்கறையில் பாதியை இங்கேயும் செலவழித்திருக்கலாம்.

சுமார் 20 கோடி டாலர் செலவில் எடுத்த படம் 78 கோடிக்கு மேல் ஈட்டியது, காட்சி விளைவுகளுக்கு ஆஸ்கரும் வாங்கியது. மூன்று ஆண்டு கழித்து வந்த மூன்றாம் பாகம் அதைவிட அதிகமாக, 89 கோடிக்கு மேல் சம்பாதித்தது. அதில் எதிரிகள் மூவர். சாண்ட்மேன் மணலிலிருந்து எழும் காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது, ஆனால் வெனம் ஆடுகளத்தில் இறங்குவதற்குள் ஆட்டமே முடியப்போகிறது. 2014-ல் வேறு அணி எடுத்த ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2’ படத்தில் ஆண்ட்ரூ கார்ஃபீல்டுக்கும் எம்மா ஸ்டோனுக்கும் நடுவே ஓடிய மின்சாரம், எலெக்ட்ரோவின் மின்சாரத்தைவிட வலுவானது. ஆனால் அந்தக் காதலுக்கும் அந்த வில்லனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இங்கே கடைசிக் காட்சி வரை கயிறு பிரியவில்லை. கல்யாண உடையோடு ஓடிவந்த மேரி ஜேன் பீட்டரின் அறை வாசலில் நிற்கிறாள். போலீஸ் சைரன் கேட்கிறது. போ என்று அவளே அனுப்புகிறாள். அவன் ஜன்னல் வழியே பாய்ந்து, ஹெலிகாப்டர்களுக்கு நடுவே, தவறாத நூலோடு பறக்கிறான். டேனி எல்ஃப்மனின் இசை உச்சத்துக்குப் போகிறது. வேறு எந்தப் படமாக இருந்தாலும் அங்கே திரை இருண்டிருக்கும். ரெய்மி ஜன்னலுக்குத் திரும்புகிறார். அவள் சிரிப்பு மெல்ல இறங்குகிறது, கண்கள் வானத்தில் அவனைத் தேடுகின்றன. அந்த முகத்தில்தான் படம் முடிகிறது.