அறுந்த கொடியும் அடைத்த கடையும்: கருநிலை மதுப் பாதிப்பு பற்றிய எழுத்தும் பூர்வகுடித் திட்டங்களும்

மைக்கேல் டோரிஸ் எழுதிய ‘த புரோக்கன் கார்ட்’ என்னும் நூல் 1989ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. கருவுற்ற காலத்தில் தாய் அருந்தும் மது குழந்தையின் மூளை வளர்ச்சியை வாழ்நாள் முழுவதற்குமாகப் பாதிக்கக்கூடும் என்ற செய்தியை மருத்துவ இதழ்களிலிருந்து பொதுவாசகர் கைக்குக் கொண்டுசேர்த்த நூல்களுள் இது தலையாயது எனலாம். அவ்வாண்டின் தேசிய நூல் திறனாய்வாளர் வட்டத்தின் பரிசு இதற்குக் கிடைத்தது. 1992இல் தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. பூர்வகுடி மக்களிடையே நடைபெறும் கருநல, மதுத்தடுப்புத் திட்டங்களைப் பற்றிப் பேசுவோர் இன்றும் இந்நூலைக் கடந்தே செல்ல வேண்டியுள்ளது. இந்நூல் யாருடைய குரலில் பேசுகிறது, யாரைப் பேசவிடவில்லை என்பதையும், அதே பார்வை சட்டங்களிலும் திட்டங்களிலும் எவ்வாறு தோன்றுகிறது என்பதையும் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். தமிழில் ‘தொப்புள்கொடி உறவு’ என்றால் கடல்கடந்தும் அறாத இனவுறவு என்று பொருள். எனவே ‘அறுந்த கொடி’ என்று தலைப்பை மொழிபெயர்த்தால் தமிழ் வாசகர் முதலில் எண்ணுவது ஒரு சமூகத்தின் உறவு முறிந்ததைப் பற்றித்தான். ஆனால் டோரிஸின் நூல் பெரும்பாலும் கொடியை ஒரு தாய்க்கும் ஒரு சேய்க்கும் இடைப்பட்ட குழாயாகவே காண்கிறது. நூலின் வலிமையும் குறையும் இந்தச் சுருக்கத்தில்தான் உள்ளன என்பது என் கருத்து.

நூலும் அதன் குரல்களும்

மருத்துவப் பின்னணியைச் சுருக்கமாகக் கூறிச் செல்லலாம். பிரான்சில் லெமுவானும் அவருடைய உடனாய்வாளர்களும் 1968இல் மதுவுக்கு அடிமையான பெற்றோரின் குழந்தைகள் 127 பேரைப் பற்றி எழுதினர். அக்கட்டுரை அதிகம் கவனிக்கப்படவில்லை. 1973இல் சியாட்டில் நகரிலிருந்து ஜோன்ஸ், ஸ்மித் ஆகிய இருவரும் ‘லான்செட்’ இதழில் எழுதியபோதுதான் இந்நிலைக்குப் பெயர் நிலைபெற்றது. அவர்கள் விவரித்த எட்டுக் குழந்தைகளும் மூன்று வெவ்வேறு இனங்களைச் சேர்ந்தவர்கள். பெயர் பிறந்த நாளிலேயே இது எந்த ஓர் இனத்துக்கும் உரிய நோயன்று என்பது தெளிவாகியிருந்தது. பின்னாளில் இது ‘இந்தியர் நோய்’ போலப் பேசப்பட்டமைக்கு மருத்துவம் காரணமன்று.

டோரிஸ் மானுடவியலாளர், டார்ட்மத் கல்லூரியில் 1972இல் பூர்வகுடி ஆய்வுத் துறையைத் தோற்றுவித்தவர். மணமாகாத நிலையில் 1971இல் லக்கோட்டா இனத்தைச் சேர்ந்த மூன்று வயதுச் சிறுவனைத் தத்தெடுத்தார். நூலில் அவனுக்கு ஆடம் என்று பெயர். அன்பும் சத்துணவும் நல்ல பள்ளியும் கிடைத்தால் பையன் தேறிவிடுவான் என்று தந்தை நம்புகிறார். ஆண்டுகள் செல்கின்றன, பையன் தேறவில்லை. பின்னர்த் தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் ஒதுக்கீட்டு நிலத்திலுள்ள ஒரு சிகிச்சை இல்லத்தில் ஆடமின் முகச்சாயலிலேயே வேறு சிறுவர்களைக் காண்கிறார். நூலின் திருப்புமுனை அதுவே. மகனை மட்டுமே பார்த்திருந்த கண் அங்கே ஒரு தலைமுறையைப் பார்க்கிறது. இப்பகுதியைக் கண்கலங்காமல் படிப்பது அரிது.

நூலின் இறுதியில் ஆடமே எழுதிய தன்வரலாறு, அவனுடைய எழுத்துப் பிழைகள் திருத்தப்படாமல் அச்சிடப்பட்டுள்ளது. டோரிஸ் செய்த மிகச் சிறந்த தேர்வு இது என்று கருதுகிறேன். தந்தை பல பக்கங்களில் குறைபாடாக விவரித்த அதே வாழ்க்கை அங்கே நாள்களாகவும் மனிதர்களாகவும் விலங்குகளாகவும் வேலைகளாகவும் நிறைகிறது. ஆனால் இந்த நியாயம் ஒருவருக்கு மட்டும் கிட்டவில்லை. ஆடமைப் பெற்றவள் குடியால் இறந்தவள் என்ற அளவிலேயே நூலில் நிற்கிறாள். அவள் எப்போது குடிக்கத் தொடங்கினாள், யாருடன் வாழ்ந்தாள், மகப்பேற்று மருத்துவத்தை நாடினாளா, நாடியபோது யாராவது அவளை நிறுத்திக் கேட்டார்களா என்பனவற்றுக்கு இடமில்லை. இறந்தவளைப் பேசவைக்க இயலாது என்பது உண்மையே. இருப்பினும் அவளைப் போன்ற உயிருள்ள பெண்கள் பைன் ரிட்ஜில் இருந்தனர். அவர்கள் நூலில் பெரும்பாலும் பிறர் வாய்வழியாகவே வருகின்றனர்.

அம்மௌனத்தின் விளைவை முன்னுரையில் காணமுடிகிறது. அதை எழுதியவர் டோரிஸின் மனைவியும் புகழ்பெற்ற நாவலாசிரியருமான லூயிஸ் எர்ட்ரிக். தாமும் இளமையில் குடித்ததை மறைக்காமல் கூறும் அவர், வாழ்நாளெல்லாம் சிறைப்பட்டுக் கிடக்கும் பிள்ளையைப் பெறுவதைவிட ஒன்பது மாதம் சிறையிலிருப்பதையே தாம் விரும்பியிருப்பார் என்ற பொருளில் எழுதுகிறார். தனிமனித ஒப்புதல் என்ற அளவில் இது நேர்மையானது. கொள்கை என்ற அளவில் ஆபத்தானது. ‘நான் விரும்பியிருப்பேன்’ என்பது ‘அவளை அடைக்கலாம்’ என்று மாற நெடுந்தூரம் இல்லை. டகோட்டா எழுத்தாளர் எலிசபெத் குக்-லின் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். தம் மக்களின் பெண்களைக் குற்றவாளிகளாக நிறுத்தும் எழுத்து என்பது அவருடைய குற்றச்சாட்டு. கடுமை மிகுதி எனினும் அடிப்படை சரியானதே. டோரிஸின் பூர்வகுடி மரபு பற்றி அவருடைய மறைவுக்குப்பின் எழுந்த ஐயங்களை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. நூலின் பார்வையைக் குறைகூற அவை வேண்டியதில்லை.

சிறையும் கடையும்

1998இல் தெற்கு டகோட்டா மாநிலம், மது அருந்தும் கர்ப்பிணிகளைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப இடமளிக்கும் சட்டத்தை இயற்றியது. அதற்கு முந்தைய ஆண்டில் கனடாவின் உச்ச நீதிமன்றம் எதிர்த்திசையில் தீர்ப்பளித்தது. வினிப்பெக் நகரில் பசை முகரும் பழக்கத்துக்கு அடிமையான ஒரு பூர்வகுடிக் கர்ப்பிணியை அடைத்துவைக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் முடிவாயிற்று. வழக்கின் விவரங்களுள் ஒன்று கவனிக்கத்தக்கது. அப்பெண் முன்னதாகத் தானே சிகிச்சை கேட்டுச் சென்றிருந்தாள். வசதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டாள். கதவைத் தட்டியபோது இல்லாத இடம், அவளை அடைக்க முனைந்தபோது மட்டும் எங்கிருந்து வந்தது?

பைன் ரிட்ஜின் எல்லைக்கு அப்பால், நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒயிட்கிளே என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கு வாழ்ந்தவர்கள் ஒரு பன்னிரண்டு பேர்; பீர் கடைகள் நான்கு. மதுவிற்பனை தடைசெய்யப்பட்டிருந்த ஒதுக்கீட்டு நிலத்து மக்களை நம்பியே அக்கடைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 35 இலட்சம் டின்களை விற்றன. 2012இல் ஒக்லாலா சூ இனத்தார், பிறந்த குழந்தைகளுக்கு நேர்ந்த பாதிப்பையும் சுட்டிக்காட்டி, பீர் நிறுவனங்கள்மீது 50 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தனர். வழக்கு தள்ளுபடியாயிற்று. 2017இல்தான் கடைகளின் உரிமங்கள் புதுப்பிக்கப்படாமல் அவை மூடப்பட்டன. தாயை அடைக்கலாமா என்ற விவாதத்துக்கும் கடையை அடைத்ததற்கும் இடையே ஏறத்தாழ மூன்று பதிற்றாண்டுகள் கழிந்தன.

இதே கேள்வியை வேறு வரிசையில் கேட்டவர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி வட்டாரத்துப் பெண்கள். ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்கில் தற்கொலைகளும் வன்முறையும் தொடர்ந்த நிலையில், 2007இல் அவ்வூர் மகளிர் வள மையத்தின் ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் முதலியோர் மதுவைப் பொட்டலமாக வாங்கிச் செல்வதைக் கட்டுப்படுத்துமாறு உரிமத் துறையிடம் கோரினர். 2.7 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மதுவை வெளியே எடுத்துச் செல்ல இயலாதென விதி வந்தது. எதிர்ப்பு உள்ளூரிலிருந்தே எழுந்தது. மதுவிடுதியோ ஒரு பூர்வகுடி நிறுவனத்துக்கே உரியது. எனவே இதனை வெள்ளையர் கடைக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் நடந்த போராட்டமாக எளிமைப்படுத்துவது பொருந்தாது.

கடைக்கு வரம்பு வைத்த பின்னரே அவர்கள் கருவைப் பற்றிப் பேசினர். பாதிக்கப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று கண்டறிய ஆய்வாளர்களைத் தாங்களே அழைத்தனர். திட்டத்துக்கு ‘மருலு’ என்று பெயரிட்டனர். புனுபா மொழியில் அருமையானது, பேணத்தக்கது என்று அதற்குப் பொருள். ஆய்வுக்கு ‘லிலில்வான்’ என்று பெயர். கிரியோல் மொழியில் சிறியவர்கள் அனைவரும் என்பது அது. ‘அறுந்தது’ என்று பெயர்சூட்டுவதற்கும் ‘பேணத்தக்கது’ என்று பெயர்சூட்டுவதற்கும் உள்ள வேறுபாடு சொல்லளவில் முடிவதன்று. முன்னதைக் கேட்டுக் குழந்தையைச் சோதனைக்கு அழைத்துவரத் தாய் தயங்குவாள்.

கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் வெளியிட்ட 94 பரிந்துரைகளுள் 33ஆவது, இத்தகைய தடுப்புத் திட்டங்களைப் பூர்வகுடி மக்களுடன் இணைந்து உருவாக்க வேண்டும் என்கிறது. வான்கூவரில் 1993 முதல் இயங்கும் ‘ஷீவே’ நிலையம் அதை முன்னமே செய்து காட்டியிருந்தது. குடியை முதலில் விட்டுவிட்டு வா என்று அங்கு யாரும் சொல்வதில்லை. சோறு, தங்குமிடம், மகப்பேற்று மருத்துவம் என்ற வரிசையில் உதவி தொடங்குகிறது. இதற்கு மாறாக, ஆஸ்திரேலியாவில் 2023 முதல் மதுப்புட்டிகளில் கட்டாயமாக்கப்பட்ட எச்சரிக்கை இன்னமும் ‘உங்கள் குழந்தை’ என்று ஒருத்தியையே விளிக்கிறது. எச்சரிக்கை வேண்டியதே. எனினும் அவளுக்கு ஊற்றிக் கொடுப்பவனை அது விளிப்பதில்லை.

லிலில்வான் ஆய்வில் 2002, 2003ஆம் ஆண்டுகளில் பிறந்த 108 குழந்தைகள் சோதிக்கப்பட்டனர். 21 பேரிடம் பாதிப்பு உறுதியாயிற்று. உலகில் பதிவான மிக உயர்ந்த விகிதங்களுள் இதுவும் ஒன்று என்பதால் செய்தித்தாள்கள் இவ்வெண்ணையே எடுத்துக்கொண்டன. அதே ஆய்வில் 127 கருவுற்ற காலங்களைப் பற்றித் தாய்மாரிடமும் உறவினரிடமும் கேட்கப்பட்டது. ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் குடித்ததாகத் தெரியவந்தது. எஞ்சிய 45 விழுக்காட்டினர் எதனால் குடிக்காமல் இருந்தனர், வீட்டில் யார் துணைநின்றார்கள் என்பதைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. டோரிஸின் நூலில் அத்தகைய தாய்க்கு ஓர் அத்தியாயம்கூட இல்லை.