பதிப்பாசிரியர் எங்கே? கழுகுமலைக் கல்லிலிருந்து மின்னுரை வரை

பதிப்பு வரலாற்றை ஓலை, அச்சு, மின் ஊடகம் என வளர்ச்சிப் படிகளாக அடுக்குவது நம் ஆய்வுகளில் வழக்கமாகிவிட்டது. பரவல் பெருகியதை இவ்வடுக்கு காட்டும். பாடத்துக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதைக் காட்டாது.

குருவிகுளத்திற்கு அண்மையிலுள்ள கழுகுமலையில், பாறையில் செதுக்கிய சமணத் திருமேனிகளின் கீழ், அவற்றைச் செய்வித்தோரின் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. வெளியீட்டுக்கு உரியவரைக் கல் அறிவித்தது. ஓலையில் நிலைமை வேறு. புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடவில்லை. எனவே ஏடு படிப்பவர் ஒவ்வொருவரும் பாடத்தை ஓரளவு தாமே முடிவு செய்தனர்.

இந்த முடிவுகளைப் பலர் பார்வைக்கு வைத்ததே அச்சின் உண்மையான சாதனை. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. 1835ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இந்தியர் அச்சகம் நடத்துவது எளிதாயிற்று. சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் ஆகியோர் பல ஏடுகளை ஒப்பிட்டபோதுதான் 'பதிப்பாசிரியர்' என்பவர் உருப்பெற்றார். உ.வே.சா.வின் சீவக சிந்தாமணி (1887), புறநானூறு (1894) பதிப்புகளில் முன்னுரையும் பாடபேதமும் அலங்காரங்கள் அல்ல. பதிப்பாசிரியரை மறுப்பதற்கு அவரே தந்த கருவிகள்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் நூல்களை எல்லார்க்கும் எட்டச் செய்தது. அதன் கோப்புகளின் முகப்பில் தட்டச்சு செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்களைக் காணலாம். அங்கிருந்து பாடலை மட்டும் படியெடுத்து வேறிடத்தில் இடும்போது அம்முகப்பு உதிர்ந்துவிடுகிறது. அடிக்குறிப்பிலிருந்த பாடபேதமோ பெரும்பாலும் அதற்கு முன்பே விடுபட்டிருக்கும். பக்கப் படிமங்களாக அமைந்த மின்னூலகங்களுக்கு இக்குறை இல்லை. ஆனால் ஆய்வாளர் சொல்தேடலுக்கு நாடுவது தட்டச்சு உரையையே.

தேடியெடுத்தது மின்னுரையில், துணைநூற்பட்டியலில் இடம்பெறுவதோ கண்ணால் காணாத அச்சுப் பதிப்பு. நாம் அனைவரும் அறிந்த, எவரும் எழுதாத வழக்கம் இது (இக்கட்டுரையாளரும் விலக்கல்லர்). இதனால் தட்டச்சுப் பிழை சாமிநாதையரின் பாடமாக மேற்கோளில் நிலைபெறக்கூடும்.

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து இன்னும் கடினமான சோதனை. கழுகுமலை முருகன்மீது பாடப்பட்ட அந்நூல் வாய்மொழியிலும் வாழ்வது. அதன் சந்தம் அடிபிரிப்பில் நிற்பது. ஓர் அடி இடம்பெயர்ந்தால் சொல் மாறாமலே பாட்டு மாறும். எந்தப் பதிப்பின் அடிபிரிப்பு, எவர் பாடக் கேட்டது என்னும் இரு குறிப்புகளையும் ஒலிப்பதிவோடு சேர்த்துத் தரும் வசதி அச்சுக்கு இருந்ததில்லை, மின்பதிப்புக்கு உண்டு.