ரப்பர் டைனோசரும் கல்லமேட்டு எலும்பும்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு திருச்சியில் நடந்த டைனோசர் கண்காட்சிக்குப் போயிருந்தேன். தஞ்சாவூரிலிருந்து காலையில் பஸ் ஏறி ராத்திரி திரும்பியாச்சு. எட்டு வயசுப் பையனுக்கு முழு திருப்தி. எனக்குத்தான் வயிற்றெரிச்சல். அதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிடணும். டி-ரெக்ஸ் தலையைத் திருப்பி உறுமினப்போ பெரியவங்களே ஒரு அடி பின்னால போனாங்க. பழைய படங்களில் வாலைத் தரையில் ஊன்றி, கங்காரு மாதிரி நிமிர்ந்து நிற்குமே, அந்தத் தப்பு இங்கே இல்லை. உடம்பு தரைக்கு இணையாக, வால் தூக்கலாக இருந்தது. சரியான நிலை.

வெலாசிராப்டரில் சறுக்கிட்டாங்க. ஆள் உயரத்தில், பல்லித் தோலோடு நிற்கிறது. நிஜத்தில் அது வான்கோழி அளவுதான். அதன் முன்னங்கை எலும்பில் இறகுகள் பொருந்தியிருந்த புடைப்புகளை 2007-லேயே கண்டுபிடிச்சாச்சு. ஆக, இவங்க பார்த்தது ஆய்வுக்கட்டுரை இல்லை, சினிமா. அதே வரிசையில் மாமத் யானை வேறு! டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். மாமத் வந்தது அதற்குப் பல கோடி ஆண்டுகள் கழித்து. "ரெண்டும் சண்டை போட்டா யார் மாமா ஜெயிக்கும்?" என்று பையன் கேட்டான். பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் வேறென்ன கேட்பான்?

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் பெரிய குறை வேறே. அத்தனை பொம்மைகளில் இந்திய மண்ணில் கிடைத்தது ஒன்றுகூட இல்லை. குஜராத்தில் கிடைத்து 2003-ல் பெயர் சூட்டப்பட்ட ராஜாசாரஸ் இல்லை. அதுகூட தூரம். திருச்சியிலிருந்து 70 கிலோமீட்டர் வாக்கில் அரியலூர் இருக்கே?

அரியலூர் மாவட்டக் கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு, யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் 1987-ல் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெருத்த உடல் கொண்ட பல்லி என்று பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் என்று பதிவு. முதலில் ஊனுண்ணி என்று நினைத்தார்கள். பிறகு, நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று ஆனது. உலகத்திலேயே மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்ற வாதம் இன்றும் நடக்கிறது.

ஏன் "இருக்கலாம்" என்கிறேன்? அளந்து பார்க்க எலும்பு இல்லை. ஏற்கெனவே உளுத்திருந்த எலும்புகள், பாதுகாக்கும் முன்பே பொடிந்துவிட்டன. மிஞ்சியது கோட்டோவியங்களும் சில புகைப்படங்களும்தான்.

ஜனங்க டி-ரெக்ஸைத்தான் பார்க்க வருவாங்க, இது வியாபாரம் என்று சொல்வீர்கள். சரி, ஒத்துக்கறேன். புது பொம்மை கேட்கவில்லை. வாசலில் தமிழில் ஒரு பலகை போதும். அங்கே இருந்தவை எல்லாம் ஆங்கிலப் பலகைகள். டைனோசர் என்றால் அமெரிக்கா என்று நினைத்து வளரும் பிள்ளை, நாளைக்கு நம்ம ஊர் ஓடையில் எலும்பு கிடந்தால் கல் என்று நினைத்து எறிந்துவிடும்.

அரியலூர் பக்கம் வாரணவாசியில் அரசு புதைபடிம அருங்காட்சியகம் இருக்கிறது. அடுத்த லீவுக்குப் பையனை அங்கே கூட்டிப் போகிறேன். எதுவும் உறுமாது என்று இப்பவே சொல்லி வைத்திருக்கிறேன்.