கோபுரம் வாடகைக்கு, கேக் வீட்டில்

கல்யாணத்தில் கேக் வெட்டுவது இன்று கிறிஸ்தவ வீடுகளோடு நிற்கவில்லை. யாழ்ப்பாணத்து இந்துக் குடும்பத்தின் வரவேற்பிலும், கொழும்பு ஹோட்டலில் நடக்கும் சிங்கள பௌத்தக் கல்யாணத்திலும், சென்னை மண்டபத்து ரிசப்ஷனிலும் அது மேசையேறிவிட்டது. ஆனால் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் அதற்கு ஒரே வேலை இல்லை. இலங்கையில் கேக் என்பது விருந்தாளி கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகும் பொருள். இந்தியாவில், கேரளத்தையும் கோவாவையும் விட்டுப் பார்த்தால், பெரும்பாலும் அது மேடையில் படம் பிடிப்பதற்காக வெட்டும் பொருள். செலவு எங்கே ஏறுகிறது, எங்கே இறக்கலாம் என்பதை இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது.

அங்கே செலவு உள்ளே

இலங்கையின் கல்யாணக் கேக்குக்கு 'ரிச் கேக்' என்று பெயர். பிரிட்டிஷாரின் பழக் கேக்கைத் தீவின் வீடுகள் தங்கள் கைப்பக்குவத்துக்கு மாற்றிக்கொண்டதில் வந்தது. மைதாவின் இடத்தில் ரவை. பாதாமின் இடத்தில் கஜு, அதாவது நம் முந்திரிப்பருப்பு. அதோடு உலர்திராட்சை, சீனிப்பாகில் ஊறிய இஞ்சி, சௌசௌ, வெண்பூசணித் தோசி, ஏலம், கறுவா, சாதிக்காய், தேன், பன்னீர், பிராந்தி. முட்டையில் மஞ்சள் கருதான் அதிகம் செல்லும். ரவை, கஜு, தேன், பன்னீர் ஆகிய நான்கும் போர்த்துக்கேயர் வழி வந்து, ஐரோப்பிய வழித்தோன்றல்களான பறங்கியர் வீடுகளில் நிலைத்த 'லவ் கேக்'கிலும் உண்டு. 1505இல் வந்த போர்த்துக்கேயரும், பிறகு ஒல்லாந்தரும், 1796இல் வந்த பிரிட்டிஷாரும் விட்டுப்போன சமையல் பழக்கங்கள் இந்த ஒரு துண்டில் ஒன்றாகக் கிடக்கின்றன.

இதில் பெரும்பாடு அடுப்பில் இல்லை, அரிவதில்தான். பழத்தையும் பருப்பையும் பூசணித் தோசியையும் ரவையளவுக்குக் கொஞ்சமே பெரிதாக அரிய வேண்டும். கத்தியில் பாகு ஒட்டும். நாலு அரிவுக்கு ஒருமுறை வெந்நீரில் முக்கித் துடைத்துக்கொண்டே போக வேண்டும். அரிந்ததைப் பிராந்தியில் ஊறப்போட்டு மூடிவைப்பார்கள். கேக் அடிக்கும் நாளில் தட்டின் அடியிலும் சுற்றிலும் செய்தித்தாளை மூன்று நாலு மடிப்பாக வைத்து, அதன்மேல் எண்ணெய்த்தாள் போடுவார்கள். இளஞ்சூட்டில் நெடுநேரம் வேகும் கேக்கின் அடி கருகாமல் காப்பது அந்தப் பழைய பேப்பர்தான். சீனியும் மதுவும் நிறைந்திருப்பதால் காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நாளாக ஆக ருசியும் கூடும்.

பிறகு விரலளவுத் துண்டுகளாக வெட்டி, தாளில் சுற்றி, மணமக்கள் பெயர் அச்சிட்ட சின்னப் பெட்டியில் போட்டுத் தலைக்கு ஒன்று கொடுப்பார்கள். வர முடியாதவர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் தனியாக எடுத்து வைப்பதுண்டு. மேசை மேல் நிற்கும் நாலடுக்குக் கோபுரமோ பெரும்பாலும் ரெஜிபோம். இந்தியாவில் தெர்மாகோல் என்கிறோமே, அதே வெள்ளைச் சமாச்சாரம். மேலே ஐசிங் பூச்சு. தம்பதி கத்தி வைக்கும் இடத்தில் மட்டும் நிஜக் கேக். இந்த 'ஸ்ட்ரக்சர்' வாடகைக்கே கிடைக்கும். கோபுரம் பொய் என்பது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. பெட்டியில் வந்த துண்டு நன்றாக இருந்ததா என்பதுதான் அடுத்த நாள் பேச்சு.

இங்கே செலவு வெளியே

தமிழ்நாட்டு ரிசப்ஷன் கேக் கிலோக் கணக்கில் விலைபோகிறது. உள்ளே சாதாரண வெனிலா ஸ்பாஞ்ச். வெளியே ஃபிரெஷ் க்ரீம், ஃபாண்டன்ட் பூக்கள், மணமக்கள் பொம்மை, சேலைக் கலருக்குப் பொருந்தும் சாயம். அடுக்கு ஏற ஏற விலை ஏறும். ஆனால் விருந்தாளியின் கண் இலையில் விழப்போகும் சாப்பாட்டின் மேல். மேடையில் ஒருவருக்கொருவர் ஊட்டி முடித்ததும் கேக் ஓர் ஓரத்துக்குப் போகும். கடைசியில் குழந்தைகள் கையில் கொஞ்சம், மிச்சம் குப்பையில். சித்திரை வைகாசி முகூர்த்தத்தில் ஏசி இல்லாத மண்டபமென்றால் க்ரீம் வழியத் தொடங்கிவிடும்.

இதற்கு இந்தியாவிலேயே விலக்குகள் உண்டு. கேரளத்துக் கிறிஸ்தவக் கல்யாணத்தில் சாப்பாட்டுக்கு முன் விருந்தாளிகளுக்கும் கேக் துண்டும் ஒயினும் வரும். கேரளத்துக் கேக்குக்குச் சொல்லப்படும் வரலாறே ஒரு மாற்றுப் பொருளில் தொடங்குகிறது. 1883இல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்பவரிடம் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து வந்த பழக் கேக்கைக் காட்டி, இதைப்போல் ஒன்று செய்யச் சொன்னாராம். பிரெஞ்சு பிராந்திக்கு பாபு அலையவில்லை. முந்திரிப் பழத்தையும் கதலி வாழைப்பழத்தையும் புளிக்கவைத்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றினார். துரைக்கும் அது பிடித்துப்போனது. கோவாவில் கேக்கோடு கடலைப்பருப்பும் தேங்காயும் சீனியும் சேர்த்துக் கிளறும் 'தோஸ்' என்ற இனிப்பையும் கல்யாணத்துக்குச் செய்து பங்கிடுகிறார்கள். கேக் அளவில் சின்னதாக இருந்தாலும் அந்த வீட்டுக்குக் குறைவில்லை.

பூசணி ஒன்று, பதவி மூன்று

இரு நாட்டையும் இணைக்கும் பொருள் ஒன்றைச் சொல்லச் சொன்னால் வெண்பூசணியைச் சொல்வேன். இலங்கையில் அதைச் சீனிப்பாகில் காய்ச்சித் தோசியாக்கி ரிச் கேக்குக்குள் போடுகிறார்கள். வடக்கே அலகாபாத்தில், பழக் கேக்கில் உலர்பழத்தோடு சேர்வது பேட்டா, அதே வெண்பூசணி மிட்டாய். வெண்ணெயின் இடத்தில் நெய். வெளிநாட்டுப் பழப்பாகின் வேலையை ஊர்க்காயை வைத்துச் செய்யலாம் என்ற யோசனை இரண்டு ஊர் அடுக்களைக்கும் தனித்தனியே உதித்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதே காய் காசி அல்வாவாகிக் கல்யாண இலையில் முதல் இனிப்பாக விழுகிறது. மிச்சமுள்ள ஒன்றைத் திருஷ்டிக்கு வாசலில் உடைக்கிறோம்.

முட்டைக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ரிச் கேக் மஞ்சள் கருவைக் கேட்கிறது. மீந்த வெள்ளைக் கரு ஐசிங் சீனியோடு சேர்ந்து மேல்பூச்சாகிறது. தூத்துக்குடியிலோ வெள்ளைக் கருவும் முந்திரிப் பொடியும் சீனியும் சேர்த்து அடித்து மக்ரூன் சுடுகிறார்கள். ரிச் கேக் அடிக்கிற வீடு மேல்பூச்சை விட்டுவிட்டு மக்ரூனும் சுட்டால் ஒரே முட்டையில் இரண்டு பலகாரம் கிடைக்கும்.

செலவைக் குறைக்கும் வழிகள்

2022இன் பொருளாதார நெருக்கடியில் இலங்கையில் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றார்கள். 2023இல் பேக்கரித் தொழிலுக்காக இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியானது. அந்த நாட்களில் ரிச் கேக் பல வீடுகளின் கைக்கு எட்டாமல் போனது. அதற்கு முன்பே இருந்த ஒரு மாற்று அப்போது இன்னும் பயன்பட்டது. அதுதான் பேரீச்சம்பழக் கேக்.

அளவு இதுதான். விதை நீக்கி நறுக்கிய பேரீச்சம்பழம் அரைக் கிலோ. அதன்மேல் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா தூவி, ஒன்றரைக் கோப்பை கொதிநீர் ஊற்றி ஆறவிட வேண்டும். வெண்ணெயும் சீனியும் 250 கிராம் வீதம் நுரைக்க அடித்து, ஆறு முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, லேசாக வறுத்த ரவை 250 கிராம், நறுக்கிய கஜு 100 கிராம், ஏலம், ஊறிய பழம் எல்லாம் கலந்து, 160 டிகிரியில் ஒரு மணி நேரம் அளவில் வேகவிட வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஊற்றினால், இரண்டுக்கு ஓர் அங்குலமாக 60 துண்டு வரும். 300 பேருக்கு ஐந்து தட்டு: பேரீச்சம்பழம் இரண்டரைக் கிலோ, முட்டை 30, கஜு அரைக் கிலோ. ரிச் கேக்கைப்போல் மாதக்கணக்கில் நிற்காது. கல்யாணத்துக்கு மூன்று நாலு நாள் முன்பு சுட்டால் போதும்.

ஐந்து தட்டு வேகும் அடுப்பு வீட்டில் இருக்காது. ஊர்ப் பேக்கரிப் போறணை, அதாவது பெரிய ஓவன், எதற்கு இருக்கிறது? பாண் (பிரெட்) சுட்டு முடிந்ததும் சூடு தணியும் நேரத்தில் கேக் தட்டுகளை உள்ளே தள்ளலாம். அலகாபாத், லக்னோ, கொல்கத்தா பக்கமும் கிறிஸ்மஸ் சமயத்தில் பழமும் மாவும் முட்டையும் வீட்டிலிருந்தே கொண்டுபோய்ப் பேக்கரியில் சுட்டு வாங்கும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டிலும் தெருப் பேக்கரிக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். கூலிதான் வாங்குவார்.

ஓவன் இல்லாத தமிழ்நாட்டு வீடுகள் குக்கரையே ஓவனாக்கிக்கொண்டன. அடியில் உப்போ மணலோ பரப்பி, ஸ்டாண்டு வைத்து, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, சிம்மில் முக்கால் மணி நேரம். சைவக்காரர்களுக்கு முட்டைக்குப் பதில் தயிரும் சோடாவும் சேர்த்த ரவைக் கேக். டூட்டி ஃப்ரூட்டிகூடப் பப்பாளிக்காய்தான். வீட்டிலேயே நறுக்கி வேகவைத்துச் சர்க்கரைப் பாகில் ஊறவைக்கலாம். இந்த முறையில் ஒரு கிலோக் கேக் அழகாக வரும், மேடைக்கு அது போதும். முந்நூறு பேருக்குக் குக்கரில் சுட நினைப்பவர் கல்யாணத்தன்று தூங்கிவிழுவார்.

கேக்கே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிராமணக் கல்யாணங்களில் ஜோடியாக வைக்கும் பருப்புத் தேங்காய்க் கூடுகளைப் பாருங்கள். கூம்பு அச்சுக்குள் வெல்லப்பாகில் பிடித்த வேர்க்கடலையோ மனோகரமோ நிரம்பியிருக்கும். உயரம், அலங்காரம், பிறகு உடைத்துப் பங்கிட இனிப்பு எல்லாம் அதில் உண்டு. யாழ்ப்பாணத்தில் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பே அயலட்டைப் பெண்கள் கூடிப் பலகாரம் சுடுவார்கள். பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் முறுக்கும் பெட்டிபெட்டியாக நிறையும். கேக் பெட்டியில் கேக்குக்குப் பதில் ஒரு பயற்றம் பணியாரத்தை வைத்துக் கொடுத்தால் வேண்டாம் என்பார் யார்? சிங்களவர் கல்யாணத்தில் மணமக்கள் ஒருவருக்கொருவர் பாற்சோறு ஊட்டுகிறார்கள். கேமராவுக்கு அந்தப் படமும் படம்தான். கீழக்கரைக்கும் இலங்கைக்கும் பொதுவான தொதலும் வட்டிலாப்பமும் ஓவனைக் கேட்பதில்லை. தேங்காய்ப்பால் தொதலுக்கு உருளியும் கை வலிக்கக் கிளற ஆளும் வேண்டும். வட்டிலாப்பம் இட்லிப் பானையிலேயே வெந்துவிடும்.

எதில் கை வைக்கக் கூடாது

சிக்கனம் தவறுவது இரண்டு இடத்தில். வெண்ணெய்க்குப் பதில் மலிவான வனஸ்பதி, கஜுவுக்குப் பதில் எசன்ஸ் என்று ரிச் கேக்கின் பொருளைக் குறைப்பது இலங்கையில் நடக்கும் தவறு. கேக்கை விரும்பிச் சாப்பிட வைப்பதே அந்தப் பொருள்தான். பொருளைக் குறைப்பதற்குப் பதில் துண்டின் அளவைக் குறைக்கலாம், அல்லது மறைக்காமல் பேரீச்சம்பழக் கேக்குக்கு மாறலாம். யாரும் சாப்பிடாத க்ரீமுக்கு அடுக்கடுக்காகக் காசு கொடுப்பது இந்தியாவில் நடக்கும் தவறு. அங்கே பொய்க் கோபுரத்தை வெட்கமில்லாமல் வாடகைக்கு எடுக்கிறார்கள். இங்கே நிஜக் கோபுரத்தை வாங்கிக் குப்பையில் கொட்டுகிறோம். இதில் எனக்கு இலங்கைக்காரர் புத்திசாலியாகத் தெரிகிறார். இங்கிருந்து அவர் எடுத்துக்கொள்ளக் கூடியதும் ஒன்று உண்டு: எல்லார் கையிலும் கேக்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தாம்பூலப் பையில் ஒரு தேங்காயோடும் மரியாதை முழுதாகவே போய்ச் சேரும்.

ஆகவே கேக்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன் வீட்டில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதைச் சாப்பிடப்போவது யார்? விருந்தாளி என்றால் கோபுரத்தை வாடகைக்கு எடுத்துவிட்டு, காசை முந்திரியிலும் வெண்ணெயிலும் போடுங்கள். கேமரா மட்டும்தான் என்றால் குக்கரில் சுட்ட ஒரு கிலோ தாராளம்.