டவர் ஃபுல்லா காட்டுது
பொன்னமராவதிப் பக்கத்தில் 'டவர் ஃபுல்லாத்தான் காட்டுது, லைன்தான் போகலை' என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. செல்போன் கடையில் நெட்வொர்க் கோளாறு என்பார்கள். கஸ்டமர் கேரில் போன் கோளாறு என்பார்கள். போனைத் தயாரித்த நிறுவனமே வகையாக மாட்டியது ஒருமுறை: 2010இல், ஆப்பிள், ஐபோன் 4 விஷயத்தில்.

ஜூன் 24இல் விற்பனைக்கு வந்த அந்தப் போனின் ஓரத்து எஃகுச் சட்டமே ஆண்டெனா. இடப்பக்கக் கீழ்மூலை இடைவெளியை உள்ளங்கை மூடினால் சிக்னல் சரிந்தது. இறுக்கிப் பிடித்தால் 24 டெசிபல் வரை இழப்பு என்று ஆனந்த்டெக் தளம் அளந்தது. அதாவது சிக்னலில் ஏறக்குறைய 250இல் ஒரு பங்குதான் மிச்சம்.

அப்படிப் பிடிக்காமலிருங்கள் என்று வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுதினார் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ். இதைப் பதில் என்றே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜூலை 2இல், திரையில் காட்டும் சிக்னல் கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறு என்று ஆப்பிள் அறிவித்தது. சாக்கு என்று பலர் சிரித்தார்கள். ஆனால் பாதி உண்மை. சிக்னல் வலிமையின் அளவான டிபிஎம்மில் மைனஸ் 51 (வலுவானது) முதல் மைனஸ் 91 வரை எதற்கும் ஐந்து கோடு. மற்ற நான்கும் அடுத்த இருபத்துச் சொச்சம் டெசிபலுக்குள் நெருக்கியடித்தன. மைனஸ் 91இல் ஐந்து கோடு காட்டும் போன், கையில் இறுக்கியதும் ஒன்றுமில்லாமல் போகும். மக்கள் ஏன் திடுக்கிட்டார்கள் என்பதற்கு இது விளக்கம். 24 டெசிபல் ஏன் போனது என்பதற்கு அல்ல.

ஜூலை 16இல் பிளாக்பெரி, சாம்சங், எச்டிசி போன்களும் இப்படித்தான் என்று காட்டிவிட்டு, இலவச உறை தந்தது ஆப்பிள். எந்தப் போனும் கையில் கொஞ்சம் இழக்கும் என்பது சரி. ஆனால் உறை போட்டதும் இழப்பு சுமார் 17 டெசிபலுக்கு, மற்றப் போன்களின் அளவுக்கு, இறங்கியது. தோல் நேரே உலோகத்தில் படும் வடிவமைப்பே குற்றவாளி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆப்பிளின் மருந்து சரி, வாக்குமூலம்தான் பொய்.

நம் ஊரில் மருந்துமில்லை. 2015 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், அழைப்பு அறுந்தால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் இழப்பீடு, நாளுக்கு மூன்று வரை, என்று நெட்வொர்க் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. போனைத் தயாரித்தவர் அந்த உத்தரவிலேயே இல்லை.

கோளாறு யாருடையது என்று நீங்களே அறிய, ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் சிம் நிலையைத் திறந்து டிபிஎம் எண்ணைப் பாருங்கள். மேசையில் வைத்தபோதே மைனஸ் 110 என்றால் டவரைத் திட்டலாம். மேசையில் மைனஸ் 90, கையில் எடுத்ததும் மைனஸ் 110 என்றால், போனைத் தயாரித்தவரை.