'பேம்பி': காட்டப்படாத மனிதன்

வால்ட் டிஸ்னி தயாரிப்பில் 1942இல் வெளிவந்த 'பேம்பி' எனும் அசைவூட்டப் படம், குழந்தைகளுக்குரிய மான் கதையாகவே பெரிதும் கருதப்படுகிறது. பெலிக்ஸ் சால்ட்டன் ஜெர்மன் மொழியில் எழுதிய மூல நாவலுடன் (1923) ஒப்பிட்டு நோக்கின், இக்கருத்து மறுபரிசீலனைக்குரியதாகிறது.

படத்தில் வேட்டையாடும் மனிதன் ஓரிடத்தும் தோன்றுவதில்லை. தாய்மானின் இறப்பும் நேரடியாகக் காட்டப்படுவதில்லை. துப்பாக்கி ஒலியும், கொட்டும் பனியில் குட்டி தாயைத் தேடி அலைவதுமே அதனை உணர்த்துகின்றன. இக்குறிப்புமுறையே படத்தின் சிறப்பு. அதன் குறையும் இதுவே. நாவலில் முதிய ஆண்மான், சுடப்பட்டு இறந்து கிடக்கும் மனிதனின் உடலைப் பேம்பிக்குக் காட்டுகிறது. மனிதனும் இறப்புக்கு உட்பட்டவனே என்பதை அங்குப் பேம்பி உணர்கிறது. இக்காட்சி படத்தில் இடம்பெறவில்லை. எனவே, நாவலில் அச்சம் அறிவாக முதிர்கிறது. படத்திலோ மனிதன் இறுதிவரை உருவற்ற அச்சமாகவே எஞ்சுகிறான்.